பிறந்த வீடு அக்கரையில்

மிசோரமின் மிகப் பெரிய ஏரி பர்மாவில் இருக்கிறது என்று மிசோக்கள் சொல்வார்கள். ஏரியின் பெயர் ரிஹ் தில். உயரத்திலிருந்து பார்த்தால் இதய வடிவில் தெரியும் அந்த ஏரி, மியான்மரின் சின் மாநிலத்தில், இந்திய எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. கிறித்தவம் வருவதற்கு முந்தைய மிசோ நம்பிக்கைப்படி, இறந்தவரின் உயிர் முதலில் ரிஹ் தில்லுக்குத்தான் போகும். பிறகு மலை ஏறும். திரும்பிப் பார்க்கும் ஆசையை அறுக்கும் பூவைச் சூடி, ஏக்கத்தை ஆற்றும் ஊற்றுநீரைக் குடித்து, மித்தி குவா என்னும் இறந்தோர் ஊரைச் சென்றடையும். ஓர் இனம் தன் முன்னோர் நடந்துபோனதாக நம்பிய வழி இன்று இன்னொரு நாட்டுக்குள் இருக்கிறது. அந்த வழியில் இந்தியாவின் கடைசி ஊர் ஜோக்காவ்தார்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு நாட்டின் எல்லை என்றால் கடல்தான். தரையில் ஓடும் எல்லையை நாம் வரைபடத்தில் பார்த்ததோடு சரி. அதன்மேலேயே குடியிருப்பவர்களின் அன்றாடம் எப்படி இருக்கும் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருந்தது. 2021-க்குப் பிறகு ஜோக்காவ்தாரைப் பற்றி வந்த செய்திகளைப் படித்தபின், அங்கே போய்விட்டு வருவதென்று முடிவு செய்தேன்.

மிசோரமுக்குள் நுழையவே பிற மாநிலத்து இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆங்கிலேயர் 1873-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின் தொடர்ச்சியான ‘இன்னர் லைன் பெர்மிட்’ அது. மலைக்காரர்களின் நிலமும் வாழ்வும் வெளியாட்களால் கரைந்துபோகாமல் காக்கிறது என்பதால் மிசோக்கள் இன்றும் அதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். தலைநகர் அய்சாலிலிருந்து மாவட்டத் தலைநகர் சம்பாய் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பத்துப் பேரை ஏற்றிக்கொள்ளும் சுமோ வண்டிதான் போக்குவரத்து. மலைச் சாலையில் அந்தத் தூரம் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்கிறது. பிப்ரவரி மாதம். வழிநெடுகச் சரிவுகளில் காட்டை வெட்டிக் காயப் போட்டிருந்தார்கள். காய்ந்ததும் தீவைத்து, மழை தொடங்கும்போது சாம்பலில் நெல் விதைப்பார்கள். ஜூம் என்னும் இந்த மாற்றிடச் சாகுபடிதான் இந்த மலைகளின் பழைய வேளாண்மை.

அதனால்தான் சம்பாய் கண்ணில் பட்டதும் வியப்பு ஏற்படுகிறது. செங்குத்தான மலைகளுக்கு நடுவே திடீரென்று அகன்ற சமவெளி விரிகிறது. வரப்புக் கட்டிய வயல்கள். மிசோரமின் நெற்களஞ்சியம் என்று இதைச் சொல்கிறார்கள். வயல்களுக்குக் கிழக்கே அடுக்கடுக்காக நீலம் பூத்து நிற்கும் மலைகளைக் காட்டி, “அது பர்மா” என்றார் சுமோ ஓட்டுநர். அந்த மலைகளில் அவருடைய உறவினர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

சம்பாயிலிருந்து ஜோக்காவ்தார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். சாலை வளைந்து வளைந்து கீழே இறங்கி, தியாவ் ஆற்றங்கரையில் நிற்கிறது. ஷில்லாங், அய்சால் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 6 முடியும் இடம் இதுதான். ஆற்றின்மேல் ஓர் இரும்புப் பாலம். இந்தப் பக்கம் அசாம் ரைஃபிள்ஸ் காவல்சாவடி, சுங்க அலுவலகம், தகரக் கூரைக் கடைகள், சரிவில் கம்பங்களை ஊன்றி எழுப்பிய வீடுகள், மேட்டில் தேவாலயம். அந்தப் பக்கம் அதே தகரக் கூரைகள், அதே கம்பங்கள், அதுபோலவே தேவாலயம். அங்கே இருப்பவை காவ்மாவி, ரிஹ்காவ்தார் என்னும் ஊர்கள். பாலத்தைக் கடந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடவேண்டும். ரூபாய் போய் கியாட் வருகிறது. இந்த மாற்றங்களெல்லாம் அரசுகள் செய்தவை. மக்களின் பேச்சு, உடுப்பு, உணவு, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு எதுவும் பாலத்தில் மாறுவதில்லை.

தியாவைப் பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. தெற்கே ஓடிக் கலதான் ஆற்றில் கலக்கும் இது, மழைக்காலத்தில் சீறும். நான் பார்த்தபோது முழங்கால் அளவு நீரில் கற்கள் தெரிந்தன. கீழே சில பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் இந்தியர், யார் மியான்மர்க்காரர் என்று கரையில் நின்றவனுக்குப் பிரித்தறிய வழியில்லை.

பாலத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. திங்புய் என்று கேட்டால் பால் சேர்க்காத சிவப்புத் தேநீர் வரும்; கூடவே கடித்துக்கொள்ள வெல்லக்கட்டியும் தருவார்கள். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் ‘பி’ என்ற சொல்லைச் சம்பாயில் கற்றுக்கொண்டிருந்தேன். அப்படி அழைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. பள்ளியில் படிக்கும் பேத்தி இடையிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“நான் பிறந்தது அந்தக் கரையில். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தேன். அண்ணன் குடும்பம் அங்கேதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது காலையில் சோறாக்கி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, கடை திறக்கத் திரும்பி வந்துவிடுவேன்.”

“வேறு நாட்டுக்குப் போகிறோம் என்று தோன்றாதா?” என்று கேட்டேன். பேத்தி மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அம்மா வீட்டுக்குத்தானே போனேன்” என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. மிசோரமில் மிசோ என்றும் பர்மாவில் சின் என்றும் அழைக்கப்படுகிறவர்கள் ஒரே ஸோ இனத்தின் கிளைகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இந்த மலைகளைப் பிடித்தபோது மூன்று பக்கங்களிலிருந்து படை நடத்தினார்கள். அசாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த படைகள் பிடித்த நிலங்கள் அந்தந்த நிர்வாகத்துக்கே போயின. 1892 ஜனவரியில் கல்கத்தாவில் கூடிய சின்–லுஷாய் மாநாடு, இந்த மக்கள் அனைவரையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவருவது நல்லது என்று கருதியது. அது முழுமையாக நிறைவேறவில்லை. லுஷாய் மலை அசாமோடும் சின் மலை பர்மாவோடும் நின்றன. 1937-இல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டபோது, அலுவலக வசதிக்காகப் போட்ட கோடு இரு நாடுகளுக்கு இடையிலான கோடாக மாறியது. 1967-இல் இந்தியாவும் பர்மாவும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. மொத்தம் 1,643 கிலோமீட்டர். அதில் மிசோரமின் பங்கு 510. இந்த முடிவுகளில் எதிலும் தியாவ் கரையின் மக்களைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை.

எல்லை வந்தபிறகும் உறவு அறுந்துவிடவில்லை. இரு அரசுகளும் மலை மக்கள் எல்லையைக் கடந்து போய்வர விட்டுவைத்தன. முதலில் 40 கிலோமீட்டர் வரை இருந்த உரிமை, 2004-இல் 16 கிலோமீட்டராகச் சுருங்கியது. 2018-இல் அதை முறைப்படி ஓர் ஒப்பந்தமாக்கினார்கள். எல்லையோரத்தவர் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் அடுத்த நாட்டில் இரண்டு வாரம் வரை தங்கலாம் என்றிருந்தது. துக்கம், கல்யாணம், அறுவடை, மருத்துவம், தேவாலயக் கூட்டம் என்று உயிருள்ள சமூகத்தின் எல்லாத் தேவைகளும் இந்த ஏற்பாட்டின்மேல்தான் நடந்தன.

வணிகமும் நடந்தது. 1994-இல் இந்தியாவும் மியான்மரும் செய்துகொண்ட எல்லை வணிக ஒப்பந்தத்தில் மணிப்பூரின் மோரேவுக்கு அடுத்தபடியாக இடம்பெற்ற வாயில் ஜோக்காவ்தார். சுங்க நிலையத்தின் புதிய வளாகம் 2015-இல் திறக்கப்பட்டது. ரிஹ் முதல் தெடிம் வரையிலான மலைச்சாலையை மேம்படுத்தவும் இந்தியா ஒப்புக்கொண்டது. கலே சமவெளியிலிருந்து மலை ஏறி வந்த லாரிகளில் துணி, கம்பளி, பிளாஸ்டிக் சாமான், பீங்கான் தட்டு எல்லாம் இறங்கின. மிசோரமின் எந்தக் கடைத்தெருவிலும் பர்மா வழியாக வந்த பொருளைப் பார்க்கலாம். ஆனால், பாக்குக்கு இந்தியாவில் இறக்குமதி வரி அதிகம் என்பதால் பர்மாப் பாக்கு கள்ளத்தனமாக ஆற்றைக் கடக்கிறது. அதைவிடக் கொடிய சரக்கும் கடக்கிறது. மெத்தாம்பெட்டமைன் மாத்திரைகளும் ஹெராயினும் இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பிடிபடாத மாதம் அரிது. மிசோரமின் இளைஞர்கள் பலரை அது தின்றிருக்கிறது. இதை மறைத்து இந்த ஊரைப் பற்றி எழுதுவது நேர்மை ஆகாது.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில வாரங்களில் அந்நாட்டுக் காவலர்கள் சிலர் தியாவைக் கடந்து மிசோரமுக்கு வந்தார்கள். போராடும் மக்களைச் சுடச் சொன்னார்கள், எங்களால் முடியவில்லை என்றார்கள். அவர்களைத் தொடர்ந்து குடும்பங்கள் வரத் தொடங்கின. வருபவர்களைத் தடுத்து நிறுத்தும்படி மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் மாதத்தில் வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அன்றைய மிசோரம் முதல்வர் ஜோரம்தங்கா பிரதமருக்கு எழுதிய பதிலில், அவர்கள் எங்கள் இரத்த உறவுகள், இந்தத் துயரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்ற நிலையை எடுத்தார். மாநில அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மிசோரமில் தஞ்சம் புகுந்தார்கள். அந்த ஆண்டிலேயே அவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ளக் கல்வித் துறை வழி செய்தது.

ஜோரம்தங்கா ஒருகாலத்தில் மிசோ தேசிய முன்னணியின் ஆயுதப் போராளியாக இருந்தவர். நாடு விட்டு நாடு அலைந்தவர். 1959-இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சல் அழிந்து வந்த ‘மௌதாம்’ பஞ்சத்தின் புறக்கணிப்பிலிருந்து கிளம்பிய கோபம் 1966-இல் கிளர்ச்சியாக வெடித்தது. அந்த மார்ச் மாதம் இந்திய விமானங்கள் அய்சால்மீது குண்டு வீசின. ஊர்களைக் கலைத்து மக்களைச் சாலையோரக் காப்பிடங்களில் குவித்தது ராணுவம். அப்போது மிசோக்கள் பலர் ஓடி ஒளிந்தது கிழக்கே, சின் மலைகளில். அங்கிருந்தவர்கள் சோறு போட்டார்கள். 1986 ஜூன் 30-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி அமைதி திரும்பிய பிறகும் அந்தச் சோற்றை இந்த மலை மறக்கவில்லை. ஜோக்காவ்தாரில் முதியவர்கள் எவரிடம் பேசினாலும் இந்தக் கணக்கு வருகிறது: “அன்று நாங்கள் போனோம், இன்று அவர்கள் வந்திருக்கிறார்கள்.”

உறவு எப்போதும் இப்படியே இருந்ததுமில்லை. 2003-இல் பர்மாவிலிருந்து வந்த ஒருவர்மீது ஒரு கொடுங்குற்றம் சாட்டப்பட்டபோது எழுந்த கோபத்தில் ஆயிரக்கணக்கான சின் மக்கள் மிசோரமிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இன்று அகதிகளுக்கு அரிசி திரட்டும் அதே மிசோ இளைஞர் சங்கம்தான் அன்று அவர்களைப் போகச் சொன்னது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இப்போது நடப்பதன் மதிப்பு எனக்கு இன்னும் கூடியது. ஒருமுறை தவறிய சமூகம் அடுத்த முறை கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அகதிகள் முகாம் ஊரை ஒட்டிய சரிவில் இருக்கிறது. மூங்கில் சட்டம், நீலத் தார்ப்பாய்க் கூரை, வாசலில் கடுகுக் கீரைப் பாத்தி. அங்கே சந்தித்த ஒருவர் அக்கரையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ராணுவ ஆட்சியின்கீழ் வேலை செய்ய மறுத்து வெளியேறியவர். இப்போது முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார். மனைவி கடைகளுக்கு மூங்கில் கூடை பின்னிக் கொடுக்கிறார். அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தேவாலயம், மிசோ இளைஞர் சங்கம், பக்கத்து ஊர்கள் என்று விரல் மடக்கினார். அவர் எண்ணியவற்றில் பெரும்பகுதி சாதாரண மக்களின் கைப்பிடி. 1935-இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு மிசோரமின் ஒவ்வோர் ஊரிலும் கிளை உண்டு. சாவு வீட்டில் குழி வெட்டுவது, காட்டில் காணாமல் போனவரைத் தேடுவது எல்லாம் அவர்கள் வேலை. தன்னை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்தவருக்கு முந்திக்கொண்டு உதவுவதை மிசோக்கள் த்லோம்ங்கைனா என்பார்கள். குழந்தை வளர்ப்பிலேயே அது ஊட்டப்படுகிறது.

2023 நவம்பரில் போர் ஆற்றங்கரைக்கே வந்தது. சின் போராளிகள் ரிஹ்காவ்தாரிலும் காவ்மாவியிலும் இருந்த ராணுவ முகாம்களைத் தாக்கிப் பிடித்தார்கள். ராணுவம் விமானத்திலிருந்து குண்டு வீசியது. ஓரிரு நாளில் ஐயாயிரம் பேர் இந்தச் சிற்றூருக்குள் வந்தார்கள். தோற்ற ராணுவ வீரர்களில் சிலரும் அதே ஆற்றைக் கடந்து வந்து இந்திய அதிகாரிகளிடம் அடைக்கலம் கேட்டார்கள். பின்னர் அவர்கள் தம் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 2025 ஜூலையில் சின் போராளிக் குழுக்களுக்குள்ளேயே மோதல் வந்தபோது இன்னும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் திறந்தவை ஜோக்காவ்தாரின் வீடுகள்தான். வராந்தாவில் பத்துப் பேர், சமையலறையில் பத்துப் பேர் என்று உறங்க இடம் கொடுத்தவர்களிடம் ஆணை எதுவும் இருக்கவில்லை.

அதற்குச் சட்டமும் இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் கிடையாது. தமிழர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தமிழகம் ஏற்றுக்கொண்டதும் இப்படித்தான். முகாம்களில் பிறந்து, அங்கேயே படித்து, பிள்ளை பெற்ற தலைமுறைகூட எந்த உரிமையைக் காட்டி இந்த நாட்டில் நிற்பது என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இன உணர்வு உள்ள இடத்தில் சோறு கிடைக்கிறது. அது மங்கும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போகிறது. முகாம் ஆசிரியர் என்னிடம் கேட்டது பணமோ பொருளோ அல்ல. “எங்கள் பிள்ளைகள் படித்து முடித்தால் அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்?” என்றார். மண்டபம் முகாமில் இதே கேள்வியைக் கேட்டவர்களை நான் அறிவேன்.

இப்போது எல்லையின் விதிகள் மாறியிருக்கின்றன. தடையற்ற போக்குவரத்து ஏற்பாட்டை நீக்கப்போவதாகவும் எல்லை முழுவதும் வேலி அமைக்கப்போவதாகவும் உள்துறை அமைச்சர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். அந்த மாதம் 28-ஆம் தேதி மிசோரம் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த புதிய நடைமுறை, 16 கிலோமீட்டரை 10 ஆக்கியது. தங்கும் காலம் ஏழு நாள். குறிக்கப்பட்ட வாயில்கள் வழியாக மட்டும், அசாம் ரைஃபிள்ஸ் தரும் சீட்டோடு, அடையாளப் பதிவு செய்துகொண்டு போய்வர வேண்டும். வேலிக்கும் சாலைக்கும் சுமார் 31,000 கோடி ரூபாய் செலவாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

தேநீர்க் கடை அம்மாவும் அந்தச் சீட்டை வாங்கியிருந்தார். நெகிழி உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். பதிவு செய்துகொள்வதில் அவருக்குப் புகார் இல்லை. “யார் வருகிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியவேண்டும்தான்” என்றார். வேலியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் குரல் உயர்ந்தது. “ஆற்றில் எப்படி வேலி போடுவார்கள்? கரையில் போட்டால் எங்களுக்குத் தண்ணீர் எங்கே? துணி எங்கே துவைப்பது? சாவுச் செய்தி இரவில் வந்தால் வாயில் திறக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டுமா?”

அரசின் கவலைகளை நான் தள்ளிவிடவில்லை. போதைப்பொருளும் ஆயுதமும் இந்த வழியாக வருகின்றன. அவற்றைத் தடுப்பது அரசின் கடமை. மிசோரமின் தாய்மார்களே அதை எல்லோரையும்விட உரக்கக் கேட்கிறார்கள். ஆனால், கள்ளச் சரக்கைக் கடத்துபவனிடம் பணமும் வாகனமும் ஆள்பலமும் இருக்கின்றன. வேலியில் அவன் ஒரு வழி கண்டுபிடிப்பான். சோற்றுத் தூக்கோடு அம்மாவைப் பார்க்கப் போகும் பெண்தான் அதன் முன்னால் நின்றுவிடுவாள். வாயிலில் நல்ல சோதனைக் கருவிகளும், மொழி தெரிந்த அலுவலர்களும், ஊராரின் நம்பிக்கையும் இருந்தால் 31,000 கோடி செய்வதைவிட அதிகம் செய்யலாம் என்று இங்கே வந்தபிறகு உறுதியாக நம்புகிறேன். இந்தக் காட்டில் எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் இந்த ஊரார்தான். அவர்களை அயலாராக்கிவிட்டு எந்தக் காவலும் நிற்காது.

மிசோரமில் ஒவ்வோர் ஊருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம மன்றம் உண்டு. ஜோக்காவ்தாருக்கும் இருக்கிறது. 1892-இல் கல்கத்தாவிலும், 1937-இலும், 1967-இலும் இந்தக் கரையைப் பற்றி முடிவெடுத்தவர்கள் இந்தக் கரையில் வாழாதவர்கள். இந்த முறையாவது வேலி எங்கே, வாயில் எங்கே, இரவில் யார் திறப்பது என்று முடிவு செய்யும் மேசையில் அந்த மன்றத்துக்கு நாற்காலி போடவேண்டும். ஓடி வருபவர்களுக்கு என்ன உரிமை, எத்தனை காலம், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன மதிப்பு என்று சொல்லும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். ஜோக்காவ்தார் தன் சோற்றைப் பங்கிட்டுத் தன் கடமையைச் செய்துவிட்டது. அந்த ஊரைத் தன் எல்லை என்று உரிமை கொண்டாடும் நாடு தன் பங்கை இன்னும் செய்யவில்லை.